களப் பெயர் முறைமை

களப் பெயர் முறைமை என்பது இணையத்தில் உள்ள கணினிகளின் பெயர்களை அவற்றின் எண் முகவரிகளோடு பொருத்தித் தரும் தரவுத்தளமும், அத்தரவுத்தளத்திடம் வினவுவதற்கான நெறிமுறையும் ஆகும். ஆங்கிலத்தில் இது டொமைன் நேம் சிஸ்டம் என்றும், சுருக்கமாக டி.என்.எஸ். என்றும் அழைக்கப்படுகிறது. இத்தரவுத்தளம் ஒரே இடத்தில் இல்லை. உலகெங்கும் உள்ள பல இலட்சம் கணினிகளில் பகுதி பகுதியாகப் பரந்து கிடக்கிறது. உலாவியில் ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டெழுதும்போதும், மின்னஞ்சல் அனுப்பும்போதும், கைபேசியில் ஒரு செயலியைத் திறக்கும்போதும் முதலில் நடைபெறுவது பெரும்பாலும் ஒரு களப் பெயர் வினவலே ஆகும்.

இம்முறைமை 1983ஆம் ஆண்டில், ஒருவரையொருவர் நம்பிய சிறிய ஆய்வுச் சமூகம் ஒன்றிற்காக வடிவமைக்கப்பட்டது. கிடைத்த விடை உண்மையானதுதானா என்று வினவிய கணினி உறுதி செய்துகொள்ளும் வழி மூல வடிவமைப்பில் இல்லை. பிற்காலத்தில் வங்கிச் சேவை, வணிகம், அரசுச் சேவை முதலியன இதன் மீதே அமைந்தபோது, இக்குறை தரவுப் பாதுகாப்பின் முக்கியச் சிக்கல்களுள் ஒன்றாயிற்று.

தேவை

இணையத்தில் தரவு சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பொதியிலும் அனுப்புநரின் முகவரியும் பெறுநரின் முகவரியும் எண்களாகக் குறிக்கப்பட்டிருக்கும். இவை ஐ.பி. முகவரிகள் எனப்படுகின்றன. இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில் முகவரி 32 பிட் நீளமுடையது, 192.0.2.10 என்பது போல நான்கு எண்களாக எழுதப்படுவது. இம்முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே இயலும். இது போதாமையால் உருவாக்கப்பட்ட ஆறாம் பதிப்பில் முகவரி 128 பிட் நீளமுடையது.

எண்களை மனிதர்கள் நினைவில் கொள்வது கடினம். ஆயினும் பெயர்கள் தேவைப்படுவதற்கு அது மட்டுமே காரணம் அன்று. ஓர் இணையதளம் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மாற்றப்படும்போது அதன் எண் முகவரி மாறிவிடும், பெயர் மாறுவதில்லை. அதிகமான பயனர்களைக் கொண்ட தளத்தில் ஒரே பெயருக்குப் பல கணினிகள் பின்னால் இருந்து பணியாற்றலாம். எனவே பெயரையும் எண்ணையும் பிரித்து வைத்து, இரண்டையும் இணைக்கும் ஓர் இடைநிலை அமைப்பு இன்றியமையாதது ஆகிறது.

வரலாறு

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் ஒரே ஒரு உரைக்கோப்பில் பட்டியலிடப்பட்டிருந்தன. இக்கோப்பு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் இருந்த வலையமைப்புத் தகவல் மையத்தால் பராமரிக்கப்பட்டது. எலிசபெத் ஃபைன்லர் அம்மையத்தின் தலைவராக இருந்தார். புதிய கணினியை இணைப்பவர் அம்மையத்திற்குத் தெரிவிக்க, அங்குள்ளோர் கோப்பில் ஒரு வரியைச் சேர்ப்பர். மற்ற நிலையங்கள் அவ்வப்போது அக்கோப்பைத் தரவிறக்கிக்கொள்ளும்.

கணினிகளின் எண்ணிக்கை பெருகியபோது இம்முறை ஈடுகொடுக்க இயலவில்லை. கோப்பின் அளவும் அதைத் தரவிறக்குவோரின் எண்ணிக்கையும் ஒருசேர வளர்ந்தன. ஒரே பெயரை இருவர் விரும்பும் நிலை ஏற்பட்டது. ஒரு நிலையம் கோப்பைப் பெறுவதற்குள் அதிலுள்ள தகவல் பழையதாகிவிடுவதும் உண்டு.

தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய பால் மொக்கபெட்ரிசு, ஜான் போஸ்டல் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, மாற்று முறை ஒன்றை வடிவமைத்து 1983 நவம்பரில் வெளியிட்டார். பெயர்களை ஒரு மரம் போலக் கிளைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையின் பொறுப்பையும் அதற்குரியவரிடமே ஒப்படைப்பது இதன் அடிப்படைக் கருத்து ஆகும். 1987 நவம்பரில் திருத்தி வெளியிடப்பட்ட வரையறையே இன்றும் இம்முறைமையின் அடித்தளமாக விளங்குகிறது. காம் என்னும் கிளையில் முதல் பெயரான சிம்பாலிக்ஸ்.காம் 1985 மார்ச் 15 அன்று பதிவு செய்யப்பட்டது. 1998இல் தொடங்கப்பட்ட ஐகான் என்னும் அமைப்பு முதன்மைப் பெயர்களை ஒருங்கிணைத்து வருகிறது.

பழைய முறையின் எச்சம் இன்றும் உள்ளது. பெரும்பாலான கணினிகளில் ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் ஒரு சிறு கோப்பு காணப்படும். களப் பெயர் வழங்கியிடம் வினவும் முன் கணினி பொதுவாக இக்கோப்பைப் பார்க்கிறது. தீநிரல்கள் சில இக்கோப்பைத் திருத்தியே பயனரைத் திசைதிருப்புகின்றன.

பெயர்களின் படிநிலை

களப் பெயரை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். விளக்கத்திற்காக நூலகம்.கல்லூரி.இந்தியா என்ற கற்பனைப் பெயரை எடுத்துக்கொள்வோம். இதில்,

- வலது ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி உள்ளது. இது மரத்தின் வேரைக் குறிக்கும்.
- இந்தியா என்பது முதல்நிலைக் களம். காம், ஆர்க் முதலிய பொதுக் களங்களும், இந்தியாவுக்கான இன், இலங்கைக்கான எல்கே போன்ற நாட்டுக் களங்களும் இந்நிலையைச் சேர்ந்தவை.
- கல்லூரி என்பது இரண்டாம் நிலைக் களம். இதை ஒரு நிறுவனமோ தனிநபரோ பதிவு செய்து பெறுவர்.
- நூலகம் என்பது துணைக் களம். இதைக் கல்லூரி என்னும் களத்தின் பொறுப்பாளர் எவரையும் கேட்காமல் தாமே உருவாக்கலாம்.

புள்ளிகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு பகுதியும் 63 பைட்டுகளையும், முழுப்பெயர் 255 பைட்டுகளையும் மிஞ்சக்கூடாது.

வினவல் நடைபெறும் முறை

இம்முறைமையில் இரண்டு வகை வழங்கிகள் உள்ளன. ஒரு களத்தைப் பற்றிய மூலத் தகவலை வைத்திருப்பது பொறுப்பு வழங்கி. பயனரின் சார்பில் பல இடங்களில் விசாரித்து விடையைக் கொண்டுவந்து தருவது வினவல் வழங்கி. வினவல் வழங்கியைப் பொதுவாக இணையச் சேவை நிறுவனமே நடத்தும். கூகுள் நிறுவனத்தின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.1 போன்ற பொது வினவல் வழங்கிகளும் உள்ளன.

மேற்கண்ட பெயரைப் பயனர் உலாவியில் இடும்போது நடைபெறுவன பின்வருமாறு:

1. கணினி தன் நினைவிலும் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் அப்பெயர் உள்ளதா என்று பார்க்கிறது. இல்லையெனில் வினவல் வழங்கியைக் கேட்கிறது.
2. வினவல் வழங்கி வேர் வழங்கி ஒன்றைக் கேட்கிறது. வேர் வழங்கிக்கு முழு விடை தெரியாது. இந்தியா என்னும் களத்தின் வழங்கிகள் எவை என்று மட்டும் கூறுகிறது.
3. இந்தியா களத்தின் வழங்கி, கல்லூரி என்னும் களத்தின் வழங்கிகள் எவை என்று கூறுகிறது.
4. கல்லூரி களத்தின் பொறுப்பு வழங்கி, நூலகம் என்ற பெயருக்கு உரிய முகவரி 192.0.2.10 என்று விடையளிக்கிறது.
5. வினவல் வழங்கி இவ்விடையைப் பயனரின் கணினிக்கு அனுப்புகிறது. அதன் பின்னரே உலாவி உரிய தளத்தோடு தொடர்பு கொள்கிறது.

இவை அனைத்தும் பெரும்பாலும் ஒரு நொடியில் சிறு பகுதிக்குள் முடிந்துவிடுகின்றன. ஒவ்வொரு முறையும் இவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. விடையோடு அதன் ஆயுட்காலமும் நொடிக்கணக்கில் தரப்படுகிறது. ஆயுட்காலம் 3600 எனில், வினவல் வழங்கி அவ்விடையை ஒரு மணி நேரம் தன் தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொண்டு, அதே பெயரைக் கேட்கும் அனைவருக்கும் அதையே தரும். இச்சேமிப்பு இல்லையெனில் வேர் வழங்கிகள் உலகின் வினவல்களைத் தாங்க இயலாது.

வேர் வழங்கிகள் ஏ முதல் எம் வரையிலான எழுத்துகளால் பெயரிடப்பட்ட 13 முகவரித் தொகுதிகளாக உள்ளன. 12 அமைப்புகள் இவற்றை நடத்துகின்றன. இவை 13 கணினிகள் மட்டுமே என்ற கருத்து தவறானது. ஒரே முகவரியில் பல நாடுகளிலிருந்து விடையளிக்கும் நுட்பத்தின் மூலம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் இயங்குகின்றன.

பதிவு வகைகள்

ஒரு களப் பெயரோடு பலவகைத் தகவல்கள் இணைக்கப்படலாம். முக்கியமானவை வருமாறு:

- ஏ: நான்காம் பதிப்பு முகவரி.
- நான்கு ஏ: ஆறாம் பதிப்பு முகவரி. 32 பிட்டைப் போல நான்கு மடங்கு நீளம் என்பதால் இப்பெயர் பெற்றது.
- எம்.எக்ஸ்.: அக்களத்திற்கு வரும் மின்னஞ்சலைப் பெறும் வழங்கி.
- என்.எஸ்.: அக்களத்தின் பொறுப்பு வழங்கி.
- சி-நேம்: ஒரு பெயர் மற்றொரு பெயரின் மாற்றுப்பெயர் என்னும் குறிப்பு.

நெறிமுறையும் அதன் பலவீனமும்

களப் பெயர் வினவல்கள் பெரும்பாலும் யு.டி.பி. என்னும் நெறிமுறையின் வழியே 53ஆம் துறை எண்ணுக்கு அனுப்பப்படுகின்றன. துறை எண் என்பது ஒரே கணினியில் இயங்கும் பல சேவைகளை வேறுபடுத்திக் காட்டும் எண் ஆகும். யு.டி.பி. நெறிமுறையில் இரு கணினிகளும் முதலில் அறிமுகம் செய்துகொள்வதில்லை. ஒரு பொதியில் வினா, மற்றொரு பொதியில் விடை என்று முடிந்துவிடும். விரைவே இதன் நன்மை. பெரிய விடைகளுக்கு, முறையாக இணைப்பு ஏற்படுத்தும் டி.சி.பி. நெறிமுறை பயன்படுத்தப்படுகிறது.

யு.டி.பி. பொதி ஒன்றில் எழுதப்பட்டுள்ள அனுப்புநர் முகவரி பொய்யாக இருக்கலாம். அஞ்சல் உறையின் பின்புறம் எவரும் எந்தப் பெயரையும் எழுதலாம் என்பதை இதற்கு ஒப்பாகக் கூறலாம். வந்த விடை தான் கேட்டவரிடமிருந்துதான் வந்தது என்பதற்கு வினவல் வழங்கி பின்வருவனவற்றையே அடையாளமாகக் கொள்கிறது: அனுப்புநர் முகவரி, துறை எண்கள், கேட்ட பெயர், வினாவில் இடப்பட்ட 16 பிட் அடையாள எண். இவை அனைத்தும் பொருந்தி முதலில் வரும் விடை ஏற்கப்படும். பின்னர் வருவது புறக்கணிக்கப்படும்.

16 பிட் எண்ணுக்கு 65,536 வாய்ப்புகளே உள்ளன. உண்மையான விடை வந்து சேரும் முன் அவ்வெண்ணை ஊகித்து ஒரு பொய் விடையை அனுப்ப முடிந்தால், அப்பொய் விடை தற்காலிகச் சேமிப்பில் அமர்ந்துவிடும். அதன் ஆயுட்காலம் முடியும் வரை அவ்வழங்கியைப் பயன்படுத்தும் அனைவரும் தவறான கணினிக்கு அனுப்பப்படுவர். இது சேமிப்பு நச்சூட்டல் எனப்படுகிறது.

2008ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு

சேமிப்பு நச்சூட்டல் 1990களிலேயே அறியப்பட்டிருந்தது. ஆயினும் அது அரிதாகவே வெற்றி பெறும் என்று பலர் கருதினர். தாக்குபவர் ஒருமுறை தோற்றால் உண்மையான விடை சேமிப்பில் அமர்ந்துவிடும். அடுத்த வாய்ப்புக்கு அதன் ஆயுட்காலம் முடியும் வரை, சில வேளை ஒரு நாள் முழுவதும், காத்திருக்க வேண்டும் என்பதே அதற்குக் காரணம்.

2008இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி இக்கருத்து தவறு என்று காட்டினார். தாக்குபவர் கல்லூரி.இந்தியா என்ற பெயரையே கேட்க வேண்டியதில்லை. அ1.கல்லூரி.இந்தியா, அ2.கல்லூரி.இந்தியா என்று இல்லாத பெயர்களை வரிசையாகக் கேட்கலாம். ஒவ்வொன்றும் புதிய பெயர் என்பதால் எதுவும் சேமிப்பில் இராது. எனவே காத்திருப்பின்றி ஒவ்வொரு வினவலும் புதிய வாய்ப்பாகிறது. பொய் விடையில் "இப்பெயர் எனக்குத் தெரியாது, கல்லூரி களத்தின் பொறுப்பு வழங்கியைக் கேட்கவும், அதன் முகவரி இது" என்று தன் முகவரியைத் தாக்குபவர் குறிப்பார். ஒருமுறை வென்றால் ஒரு பெயர் மட்டுமன்று, அக்களம் முழுவதுமே அவர் கைக்குப் போய்விடும்.

இது ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் இருந்த வழு அன்று. நெறிமுறையிலேயே இருந்த பலவீனம். ஆகையால் பல மென்பொருள் நிறுவனங்கள் முன்கூட்டியே கூடிப் பேசி, 2008 ஜூலை 8 அன்று ஒரே நாளில் திருத்தங்களை வெளியிட்டன. வினவல் வழங்கி தன் வினாவை அனுப்பும் துறை எண்ணையும் ஒவ்வொரு முறையும் தற்போக்காக மாற்றுவதே அத்திருத்தம். அதுவரை பல வழங்கிகள் ஒரே துறை எண்ணையே பயன்படுத்தி வந்தன. இதனால் தாக்குபவர் ஊகிக்க வேண்டிய வாய்ப்புகள் 65,536இலிருந்து சில நூறு கோடிகளாக உயர்ந்தன. டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய களப் பெயர் மென்பொருள் இப்பழக்கத்தை முன்னரே கொண்டிருந்தது குறிப்பிடத்தக்கது.

இத்திருத்தம் பொய் விடையைக் கண்டறிவதில்லை. ஊகிப்பதைக் கடினமாக்குகிறது, அவ்வளவே. அத்துறை எண்ணை மறைமுகமாகக் கண்டறியும் வழியொன்றை 2020இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

பிற தாக்குதல்களும் முடக்கங்களும்

வினவல் வழங்கியையே மாற்றுதல்: டி.என்.எஸ். சேஞ்சர் என்னும் தீநிரல், பயனரின் கணினி எந்த வினவல் வழங்கியைக் கேட்க வேண்டும் என்னும் அமைப்பை மாற்றிவிட்டது. ஏறத்தாழ 40 இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன. 2011 நவம்பரில் எஸ்தோனியாவில் ஆறு பேர் கைது செய்யப்பட்டனர். குற்றவாளிகளின் வழங்கிகளை உடனே நிறுத்தினால் பாதிக்கப்பட்டோர் அனைவருக்கும் இணையமே இல்லாமல் போகும் நிலை இருந்தது. ஆகவே நீதிமன்ற அனுமதியோடு அவற்றுக்குப் பதிலாக நேர்மையான வழங்கிகள் 2012 ஜூலை 9 வரை இயக்கப்பட்டன.

வழியை மாற்றுதல்: 2018 ஏப்ரல் 24 அன்று அமேசான் நிறுவனத்தின் களப் பெயர் வழங்கிகளுக்குச் செல்லும் பொதிகள் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வேறு இடத்திற்குத் திருப்பப்பட்டன. அதனால் மைஈதர்வாலட் என்னும் மறையீட்டு நாணயத் தளத்திற்குச் சென்ற பயனர்கள் போலித் தளம் ஒன்றை அடைந்தனர். அத்தளத்தின் சான்றிதழ் செல்லாது என்று உலாவிகள் எச்சரித்தன. எச்சரிக்கையை மீறி உள்நுழைந்தோர் இழந்த தொகை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் அமெரிக்க டாலர்.

வழங்கியை மூழ்கடித்தல்: 2016 அக்டோபர் 21 அன்று டின் என்னும் களப் பெயர்ச் சேவை நிறுவனத்தின் மீது, மிராய் தீநிரலால் கைப்பற்றப்பட்ட கண்காணிப்புக் கருவிகளும் வழிச்செலுத்திகளும் பெருமளவில் பொதிகளை ஏவின. அப்போதைய ட்விட்டர், ரெட்டிட் முதலிய தளங்களைப் பலரால் அடைய இயலவில்லை. அத்தளங்களின் கணினிகள் நன்றாகவே இயங்கின. அவற்றின் முகவரியைச் சொல்ல ஆளில்லை.

தற்செயல் முடக்கம்: 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் நிறுவனத்தின் பராமரிப்புப் பணியில் நேர்ந்த தவறால், அதன் களப் பெயர் வழங்கிகளுக்கான வழிகள் இணையத்திலிருந்து விலகின. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியன ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின.

பாதுகாப்பு ஏற்பாடுகள்

பழைய நெறிமுறையை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது இயலாத செயல். எனவே அதன் மீதே பாதுகாப்பு அடுக்குகள் சேர்க்கப்பட்டன. ஒவ்வோர் அடுக்கும் ஒரு கேள்விக்கு மட்டுமே விடையளிக்கிறது.

டி.என்.எஸ்.செக்: இது விடையின் உண்மைத்தன்மையை உறுதி செய்கிறது. களத்தின் பொறுப்பாளர் தம் பதிவுகளுக்குத் தனித் திறவுகோலால் எண்முறைக் கையொப்பம் இடுகிறார். அவரது பொதுத் திறவுகோலுக்கு மேல்நிலைக் களம் சான்றளிக்கிறது. மேல்நிலைக் களத்திற்கு வேர் சான்றளிக்கிறது. இன்று வழக்கில் உள்ள வரையறை 2005இல் வெளிவந்தது. வேர் களம் 2010 ஜூலை 15 அன்று கையொப்பமிடப்பட்டது. வேரின் முதன்மைத் திறவுகோல் 2018 அக்டோபர் 11 அன்று முதன்முறையாக மாற்றப்பட்டது. இம்முறை விடையை மறைப்பதில்லை. மேலும் களத்தின் உரிமையாளர் கையொப்பமிடாவிடினும், வினவல் வழங்கி அதைச் சோதிக்காவிடினும் பயனில்லை. பல களங்கள் இன்னும் கையொப்பமிடப்படாமல் உள்ளன.

மறைகுறியாக்கப்பட்ட வினவல்: பயனர் எந்தத் தளத்தின் பெயரைக் கேட்கிறார் என்பதை வழியில் உள்ளோர் காணாதவாறு மறைக்கும் முறைகள் 2016இலும் 2018இலும் தரப்படுத்தப்பட்டன. முதலாவது டி.எல்.எஸ். வழியாகவும், இரண்டாவது எச்.டி.டி.பி.எஸ். வழியாகவும் வினவலை அனுப்புகிறது. பயனருக்கும் வினவல் வழங்கிக்கும் இடையே மட்டுமே இவை காவலாகின்றன. வினவல் வழங்கியை நடத்துபவர் எல்லா வினாக்களையும் காண இயலும். ஆகவே இம்முறையில் நம்பிக்கை நீங்குவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாறுகிறது.

தளச் சான்றிதழ்: களப் பெயர் முறைமை எங்கே செல்ல வேண்டும் என்று கூறுகிறது, எச்.டி.டி.பி.எஸ். சான்றிதழ் வந்து சேர்ந்த இடம் அப்பெயருக்கு உரியதுதானா என்று காட்டுகிறது. பொய் விடையால் போலிக் கணினியை அடைந்தாலும் அதனிடம் உரிய சான்றிதழ் இராது. ஆனால் சான்றிதழ் வழங்கும் அமைப்புகள் பல, விண்ணப்பித்தவர் அக்களத்தின் உரிமையாளர்தானா என்பதைக் களப் பெயர் முறைமையின் வழியே சோதிக்கின்றன. எனவே இவ்வடுக்கும் அடித்தளத்தை முற்றிலும் விட்டு விலகியது அன்று.

தமிழில் களப் பெயர்கள்

மூல வடிவமைப்பின் வழக்கப்படி களப் பெயர்கள் ஆங்கில எழுத்துகள், எண்கள், சிறுகோடு ஆகியவற்றால் மட்டுமே அமைந்தன. பிற மொழி எழுத்துகளை இவற்றால் குறியீடு செய்யும் பியூனிகோட் என்னும் முறை 2003இல் தரப்படுத்தப்பட்டது. தமிழில் தட்டெழுதிய பெயரை உலாவியே இவ்வடிவத்திற்கு மாற்றி அனுப்பும். வழங்கிகளில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. தமிழ் எழுத்தில் அமைந்த முதல்நிலைக் களங்களாக இலங்கை என்பது 2010இலும், சிங்கப்பூர், இந்தியா ஆகியவை 2011இலும் வேர் களத்தில் சேர்க்கப்பட்டன.

இவ்வசதியோடு ஒரு பாதுகாப்புச் சிக்கலும் உடன் வருகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் எழுத்துகள் கணினிக்கு வெவ்வேறானவை. க என்னும் எழுத்தும் ஒன்று என்னும் தமிழ் எண்ணும் பல எழுத்துருக்களில் வேறுபாடின்றித் தோன்றும். கௌ என்னும் ஓரெழுத்தையும், கெ, ள ஆகிய ஈரெழுத்துகளையும் பிரித்தறிவது கடினம். இத்தகைய இரு வடிவங்களும் கணினிக்கு இரு வேறு பெயர்கள் என்பதால், பெயர்களைப் பதிவு செய்யும் அமைப்புகள் எந்தெந்த எழுத்துகளை ஏற்கலாம் என்பதற்கு விதிகளை வகுக்கின்றன.

பயனர் கவனிக்கத்தக்கவை

- சான்றிதழ் பற்றி உலாவி எச்சரித்தால், குறிப்பாக வங்கித் தளங்களில், மேற்கொண்டு செல்லக்கூடாது. களப் பெயர் விடை பொய்யாக இருந்ததைப் பயனர் அறியும் ஒரே அறிகுறி பெரும்பாலும் இதுவே.
- வீட்டு வழிச்செலுத்தியோடு வந்த கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். அதைக் கைப்பற்றியவர் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் வினவல் வழங்கியை மாற்றிவிடலாம்.
- சொந்தக் களப் பெயர் வைத்திருப்போர் பதிவுக் கணக்கிற்கு இரு படி உறுதிப்பாட்டை ஏற்படுத்திக்கொள்வது நல்லது. கணக்கு பறிபோனால் இணையதளம், மின்னஞ்சல் ஆகிய இரண்டும் ஒருசேரப் பறிபோகும்.
- தளம் திறக்கவில்லை என்றால் தளமே இயங்கவில்லை என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. வேறொரு வினவல் வழங்கியைக் கொண்டு முயன்று பார்த்தால் குறை எங்குள்ளது என்பது ஓரளவு விளங்கும்.